கூத்துக் கேட்ட காதுக்கு ஒரு ஜாஸ் இசைத்தட்டு

வன்னி நேயர்களுக்கு வணக்கம்.

கொலம்பியா நிறுவனம் 1971இல் வெளியிட்ட ‘சேர்ச் ஒவ் அந்த்ராக்ஸ்’ என்ற இசைத்தட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த்ராக்ஸ் என்பது ஒரு கொடிய நோய்; பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அதைச் செய்தவர்கள் இருவர்: அமெரிக்கரான டெரி ரைலி, வேல்ஸ் நாட்டவரான ஜோன் கேல். இருவரும் 1960களில் நியூயோர்க்கில் இசையமைப்பாளர் லா மான்டே யங்கின் குழுவில் வாசித்தவர்கள். ஒரே சுரத்தை நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் குழு அது.

ரைலியின் பெயர் 1964இல் எழுதிய ‘இன் சி’ என்ற இசைப்படைப்பால் பரவியது. அதில் இருப்பவை 53 சிறு இசைத் துணுக்குகள். வாசிப்பவர் ஒவ்வொன்றையும் விரும்பிய தடவை திருப்பி வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். யாரும் யாரையும் விரட்டுவதில்லை. பின்னர் அவர் இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளுக்கிடையே நாடாவை ஓடவிட்டு, தன் சக்சபோன் ஊதியது சற்றுத் தாமதித்துத் தன்னிடமே திரும்பிவரச் செய்தார். திரும்பிவந்ததன் மேல் மீண்டும் ஊதினார்.

இந்த இசைத்தட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது இரண்டாவது துண்டு. கேலின் பியானோ ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க, ரைலியின் சொப்ரானோ சக்சபோன் அதற்கு மேலே தன்போக்கில் அலைகிறது. ஏறக்குறைய எட்டு நிமிடம். எட்டு நிமிடம் ஒரே இசையா என்று பெருமூச்சு விடாதீர்கள்! மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது.

முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுழற்சி அந்நியமாக இராது. அண்ணாவியார் எடுத்துக் கொடுத்த வரியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள், மத்தளம் ஓயாது. ஆனால் கூத்தில் அடுத்து என்ன நடக்கும் என்ற கதை நம்மை இழுத்துச் செல்லும். இங்கே கதை கிடையாது. பியானோவில் ஒரு சுரம் எப்போது நழுவுகிறது, சக்சபோன் எங்கே மூச்சு வாங்குகிறது என்று காதுதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எல்லாம் உயர்வென்று சொல்லமாட்டேன். நடுவில் வரும் மூன்று நிமிடப் பாட்டு வேறு யாரோ விட்டுச்சென்றது போல ஒட்டாமல் நிற்கிறது. ஒலிக்கலவை ரைலிக்கே திருப்தி தரவில்லை. முதல் துண்டில் பறை முழக்கம் அளவுக்கு மேளம் முன்னுக்கு வந்து நிற்பதைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

நிலையத்தார் இப்போது அந்த இரண்டாவது துண்டை ஒலிபரப்புவார்கள். வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். தொடக்கத்தில் பியானோ மெதுவாகத்தான் வரும்.