கறுப்புப் பட்டைக்குப் பயந்து படத்தை வெட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருக்கத்தில் வண்ணார்பேட்டை பக்கம் டிவி கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: “அண்ணாச்சி, இவ்வளவு ரூவா கொடுத்துப் பெரிய டிவி எடுக்கோம், மேலயும் கீழயும் கறுப்பா வருதுல்லா, என்ன இது?” கடைப் பையன் ரிமோட்டில் ஜூம் போடுவான். கறுப்பு மறையும். வந்தவருக்கும் திருப்தி. அந்த ஒரு அழுத்தலில் படத்தில் கால் பங்கு போய்விட்டதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வீட்டில் ஒரு ஏ4 தாளும் ஸ்கேலும் கத்தரியும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, 23.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படத்தின் வடிவம் அதுதான். அதில் நம்ம நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை வரையுங்கள். வலது ஓரத்தில் தேர், இடது ஓரத்தில் வடம் பிடிக்கிற கூட்டம், நடுவில் நீண்டு கிடக்கும் வடம். இப்போது இரண்டு பக்கமும் 5 செ.மீ. வெட்டி எடுங்கள். மிஞ்சுவது பழைய பொட்டி டிவியின் 4:3 வடிவம். வடம் இருக்கிறது, இழுக்கிற ஆளும் இல்லை, தேரும் இல்லை. புது டிவியில் ஜூம் போட்டால் பக்கத்துக்குச் சுமார் 2.9 செ.மீ. போகும். தேரில் பாதியாவது தெரியும் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

கறுப்புப் பட்டை படத்தை மறைப்பதில்லை. அங்கே படமே கிடையாது. டிவியின் வடிவம் 16:9, அதாவது உயரத்தைப் போல 1.78 மடங்கு அகலம். ஸ்கோப் படமோ 2.35 மடங்கு. 43 அங்குல டிவியில் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலம், 53.5 செ.மீ. உயரம். அதில் ஸ்கோப் படம் முழுசாக உட்கார்ந்தால் மேலே ஆறரை செ.மீ., கீழே ஆறரை செ.மீ. காலியாக இருந்தே தீரும். அளந்து பாருங்கள். பட்டையே இல்லையென்றால் ஓரத்தில் வெட்டு விழுந்திருக்கிறது, அல்லது ஆட்கள் நெட்டையாக இழுபட்டிருக்கிறார்கள்.

ஹாலிவுட்டில் 1953இல் வந்த இந்த அகலம், தமிழுக்கு 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்தது. கேமராவின் லென்ஸ் அகலத்தைப் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதியும். தியேட்டர் புரொஜெக்டரின் லென்ஸ் திரும்ப விரிக்கும். ஆபரேட்டர் அந்த லென்ஸை மாட்ட மறந்தால் எல்லாரும் ஒட்டடைக்குச்சி போலத் தெரிவார்கள்.

டிவிடியிலும் இதே வித்தைதான். அட்டையில் ‘அனமார்ஃபிக்’ என்றோ ‘16:9’ என்றோ போட்டிருந்தால் படம் நெருக்கிப் பதியப்பட்டது. நம்ம ஊர் டிவி முறைக்குப் பெயர் பிஏஎல் (PAL); அந்த முறை டிவிடியில் படம் மொத்தம் 576 கிடைக்கோடுகளால் ஆனது. நெருக்கிய டிஸ்க்கில் ஸ்கோப் படத்துக்குச் சுமார் 435 கோடுகள் கிடைக்கும். நெருக்காமல் மேலும் கீழும் கறுப்போடு பதிந்த வெறும் ‘லெட்டர்பாக்ஸ்’ டிஸ்க்கில் சுமார் 325தான். மீதி எல்லாம் கறுப்பைப் பதிந்தே வீணாகிறது. ஒரே படம் இரண்டு விதமாகக் கிடைத்தால் பத்து இருபது கூடினாலும் முதல் வகையை எடுங்கள். ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று போட்ட ஸ்கோப் படத்தைத் தொடவே வேண்டாம். அது தேர் இல்லாத தேரோட்டம்.

புது டிவியில் பழைய டிவிடி பிளேயரை மாட்டியதும் படம் நாலு பக்கமும் கறுப்போடு தபால் தலை மாதிரி நடுவில் வருகிறதா? டிவி பழுதில்லை. பிளேயர் இன்னும் பொட்டி டிவி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கை நிறுத்திவிட்டு, பிளேயர் ரிமோட்டில் செட்டப், அதில் டிவி டைப். 4:3 பான் ஸ்கேன், 4:3 லெட்டர்பாக்ஸ், 16:9 என்று மூன்று இருக்கும், 16:9 வையுங்கள். பல பிளேயர்களில் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் இது மாறாது, ஸ்டாப் இரண்டு தடவை அழுத்த வேண்டும். அப்படியும் நாலு பக்கக் கறுப்பு போகவில்லையா? டிஸ்க்கே லெட்டர்பாக்ஸ் வகை. அங்கே மட்டும் ஜூம் போடுவது சரி. கீழ்க் கறுப்பில் சப்டைட்டில் இருந்தால் அது வெட்டுப்படும், பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தி சேனலில் அடியில் ஓடும் எழுத்து பாதி மறைகிறதா? அது ஓவர்ஸ்கேன். டிவி ஓரங்களைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் காட்டுகிறது. பிக்சர் சைஸ் மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் தீர்வு இருக்கும். எச்டி செட்டாப் பாக்ஸ் வாங்கிவிட்டு மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரையே செருகி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அந்த வயரில் எச்டி வராது, எச்டிஎம்ஐ வயர் மாட்டுங்கள்.

பழைய சீரியலில் எல்லாருக்கும் முகம் உப்பினாற்போலத் தெரிந்தால் 4:3 படத்தை இழுத்து விரித்திருக்கிறார்கள். தாம்பாளமோ சைக்கிள் சக்கரமோ நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கேல் வையுங்கள். உயரம் 12 செ.மீ., அகலம் 16 செ.மீ. என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், 4:3க்கு மாற்றுங்கள். பக்கங்களில் கறுப்பு வரும், வரட்டும். 32 அங்குல டிவியின் உயரம் 40 செ.மீ.; பழைய 29 அங்குல பொட்டி டிவியின் படமும் ஏறக்குறைய அதே உயரம்தான். பழைய படம் அதில் சிறுத்துப் போகாது.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் ஸ்கோப் பாட்டு ஒன்று, 4:3 காட்சி ஒன்று கொண்டுபோங்கள். ரிமோட்டை நீங்களே வாங்கி, படத்தின் அளவு மாற்றும் பட்டன் எங்கே இருக்கிறது, எத்தனை அழுத்தலில் கிடைக்கிறது என்று பாருங்கள். சில டிவிகளில் மெனுவுக்குள் நாலு படி இறங்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு அது ஆகாது.

கடைசியாகக் கல்யாண கேசட். அவை 4:3. பென்டிரைவில் ஏற்றக் கொடுக்கும்போது “டிவி முழுக்க வர்ற மாதிரி போட்டுத் தரவா?” என்று கேட்பார்கள். வேண்டாம், 4:3லேயே வையுங்கள் என்று சொல்லுங்கள். ஒருமுறை விரித்துப் பதிந்துவிட்டால் எந்த டிவியில் போட்டாலும் மாப்பிள்ளை பெண் முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத்தான் வரும். ஏற்றி முடித்ததும் மூலக் கேசட்டைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.