அடிப்பிடிக்க விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் என்னைப் பேச உட்கார்த்தியிருக்கிறார்கள். பேசப்போவது கார்ன்டு பீஃப் ஹாஷ் பற்றி. உப்பிட்ட மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் பண்டம். மாட்டிறைச்சி தொடாதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். இதில் பாதி உருளைக்கிழங்கு. விஷயமே அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

கார்ன் என்றதும் மக்காச்சோளம் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் தானிய மணி எதுவானாலும் கார்ன்தான். இறைச்சியில் போட்ட கல்லுப்பு மணிமணியாக இருந்ததால் அந்தப் பெயர். நம் கருவாட்டுக்கு இது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1983-ல் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில், ஓர் ஆலையின் கேண்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். முதல் வாரமே கார்ன்டு பீஃப் டின்னைத் திறக்கச் சொன்னார்கள். அந்த டின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். இறைச்சி உடையாமல் ஒரே கட்டியாக வழுக்கி வரத்தான் அந்த வடிவம். 1875-ல் சிகாகோவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சாவியைத் தகட்டு நாக்கில் மாட்டிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். நான் பாதியில் சாவியைக் கோணலாக்கி, தகட்டில் விரலைக் கிழித்துக்கொண்டேன். தலைமைச் சமையல்காரம்மா ரத்தத்தைப் பார்த்தார், டின்னைத் தொட்டுப் பார்த்தார், "ஃபிரிட்ஜில் வைக்கவில்லையா?" என்று கேட்டார். விரலைப் பற்றிக் கேட்கவே இல்லை! ஆனால் அவர் கேட்டது நியாயம். குளிர்ந்திருந்தால் கொழுப்பு இறுகி, துண்டு துண்டாக அழகாக வெட்ட வரும். இல்லையென்றால் கத்தியில் கூழாக அப்பிக்கொள்ளும்.

அந்தம்மா ரேஷன் காலத்தில் வளர்ந்தவர். போர்க்கால பிரிட்டனில் இறைச்சிப் பங்கில் ஒரு பகுதியைக் கார்ன்டு பீஃபாகவே கொடுத்தார்கள். இறைச்சி ரேஷன் ஒழிந்தது 1954-ல்தான். கடையில் வெட்டித் தரும் துண்டை மட்டும் வாங்கவே மாட்டார். காரணம், 1964-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 400 பேருக்கு மேல் டைஃபாய்டு வந்தது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு டின்னில்தான் அது தொடங்கியது. டின்களை அங்கே சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரில் குளிர வைத்திருந்தார்கள். கடையின் வெட்டும் இயந்திரம் வழியாக மற்ற இறைச்சிக்கும் கிருமி பரவிவிட்டது.

சரி, சமையலுக்கு வருவோம். கேண்டீனில் போட்டது அந்தப் பக்கத்து லங்காஷயர் முறை. உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர் எல்லாம் ஒரே பானையில். கிழங்கு பாதி கரைந்ததும் கடைசியில் கார்ன்டு பீஃப். தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். குளிருக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் என் மனம் அதில் ஒட்டவில்லை.

ஒட்டியது வேறு. மதியக் கூட்டம் கலைந்த பிறகு, மிச்சக் கிழங்கை வைத்து எங்களுக்காக ஒரு கனத்த இரும்புச் சட்டியில் அந்தம்மா செய்வார். முதல் நாள் நான் உதவுவதாக நினைத்துக் கரண்டியைப் போட்டுக் கிண்டினேன். சட்டென்று பிடுங்கிக்கொண்டார். "தொடாதே லவ்," என்றார். அவருக்கு எல்லோருமே லவ்தான். இரண்டு நிமிடம் போனது. லேசாகத் தீயும் வாசனை. எங்கள் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்குத் திட்டு விழும். இங்கே அடிப்பிடிப்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! அப்புறம் யோசித்தால், நெய் காய்ச்சிய சட்டியின் காந்தலில் சோற்றைப் பிசைந்து தின்னச் சண்டை போட்டவர்கள்தானே நாமும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: கிண்டாதீர்கள். நேற்று வேகவைத்த கிழங்கு இருந்தால் உத்தமம். இல்லையென்றால் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, கத்தி இறங்கும் பதத்தில் வடித்து, ஆவி முழுக்கப் போகும்வரை வடிதட்டிலேயே விடுங்கள். ஈரக் கிழங்கு வேகும், முறுகாது. வெங்காயத்தைத் தனியாக வதக்கி எடுத்து வையுங்கள்; சேர்த்துப் போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் அது கருகிவிடும். சட்டியில் கொழுப்பு, கிழங்கு, மேலே இறைச்சியும் வெங்காயமும், மிளகு. உப்பு வேண்டாம், இறைச்சியிலேயே போதுமான அளவு இருக்கிறது. கரண்டியின் முதுகால் அழுத்திவிட்டு, ஏழெட்டு நிமிடம் சும்மா இருங்கள். தோசை கல்லை விட்டுத் தானாக எழும்பும்வரை காத்திருப்பதில்லையா, அப்படி. பிறகு பாளம் பாளமாகத் திருப்பி, மறுபடி அழுத்தி, மறுபடி சும்மா இருங்கள். கிண்டினால் உப்புமாதான்.

கடைசியில் கொஞ்சம் வூஸ்டர் சாஸ். அந்தப் புட்டியை முதன்முதலில் முகர்ந்தபோது என்னவோ தெரிந்த வாசனையாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் லேபிளில் புளி! கூடவே நெத்திலி இனத்து மீனும். எங்கோ போல்ட்டனில் நின்றுகொண்டு, மீன்குழம்பு ஞாபகம் வந்து, அன்றைக்கு எனக்கு...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். அமெரிக்க முறையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அங்கே டின்னை விட, மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் நாளுக்கு வேகவைத்த, உப்பிட்ட மாட்டு மார்புக்கறியில் மிஞ்சியதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அது நார்நாராக இருக்கும், கொழுப்பும் குறைவு, கூட வெண்ணெய் வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து பக்கம் பீட்ரூட் சேர்த்துச் சிவப்பாக்குவார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்கில் எல்லாவற்றையும் மசித்தே விடுவார்கள், லாப்ஸ்கவுஸ் என்று பெயர். பக்கத்தில் ஊறுகாய் மீன்.

முட்டையை மறந்துவிட்டேனே. ஹாஷில் குழி பறித்து அதிலேயே உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். மஞ்சள் கரு இறுகுவதற்குள் இறக்குங்கள். வணக்கம்.