சக்கரம் இன்னும் சேற்றில்தான் இருக்கிறது

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, மண்டபத்தை ஒரு ரேண்ட் வாடகைகூட வாங்காமல் நமக்குத் திறந்துவிட்ட கோயில் கமிட்டித் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வேறு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டார கவுன்சிலர் அவர்களே, இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களே, காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நின்று இருநூறு பேருக்குச் சமைத்திருக்கும் மாதர் சங்கத் தாய்மார்களே, முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் என் செல்லக் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம். மேளம் அடித்து எங்களை மேடைக்கு அழைத்து வந்த பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாளத்தை முடித்த அந்தக் கடைசித் தீர்மானம் அப்படி விழுந்தது! அவர்களுக்கு இன்னொரு முறை கை தட்டுங்கள்.

எனக்கு இளைஞர்கள் கொடுத்திருக்கும் தலைப்பு, "நார்னியா கதைகளில் அடுத்து எதைப் படமாக்கலாம்?" நாற்பது வருஷம் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த ஏழு புத்தகங்களின் முதுகும் என் கையில் தேய்ந்தவை. அதனால் கூச்சமில்லாமல் பேசுகிறேன். மூன்று காரணங்கள் சொல்லப்போகிறேன்.

லூயிஸ் என்ற பேராசிரியர் 1950 முதல் 1956 வரை, நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றி வருஷத்துக்கு ஒன்றாக ஏழு கதைகளை வெளியிட்டார். அவருடைய நெருங்கிய நண்பர் டோல்கீன், மோதிரக் கதை எழுதியவர், நம் புளூம்ஃபோன்டைனில் 1892-இல் பிறந்த பிள்ளை. பாதிப் பேருக்கு இது தெரியாது, அதனால் சொல்லிவைக்கிறேன். 2005-இல் முதல் படம் வந்தது. சிங்கம், சூனியக்காரி, அலமாரிக்குள்ளே பனிக்காடு. உலகம் முழுக்க 70 கோடி டாலருக்கு மேல் வசூல். 2008-இல் இரண்டாவது, 2010-இல் மூன்றாவது. இரண்டுமே 40 கோடி சொச்சத்தில் நின்றன. இரண்டாவதோடு டிஸ்னி விலகியது, மூன்றாவதை வேறு கம்பெனி வெளியிட்டது, அடுத்த வருஷம் படமெடுக்கும் உரிமையும் காலாவதியானது. 2013-இல் நான்காவது கதையான "வெள்ளி நாற்காலி"யை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். இயக்குநர் பெயர்கூட வந்தது, படம் வரவில்லை. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் ஏழு கதைகளின் உரிமையையும் வாங்கியது. இயக்குநர் கிரெட்டா கெர்விக் அம்மையார் "மந்திரவாதியின் மருமகன்" கதையைக் கையில் எடுத்தார்.

என் ஆயா ஒரு பழமொழி சொல்வாள்: ஆறின கஞ்சி பழங்கஞ்சி. மூன்றாவது படத்தில் யூஸ்டஸாக நடித்த பையன் 1993-இல் பிறந்தவன். வெள்ளி நாற்காலியை எடுக்கப்போகிறோம் என்று அறிவித்தபோது அவனுக்கு இருபது வயது. அந்தக் கதையிலும் யூஸ்டஸ் வருகிறான், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையாக! கம்பெனிகள் கணக்குப் பார்க்கலாம், வக்கீல்கள் தாள் புரட்டலாம். பிள்ளைகளின் முழங்கால் அதற்கெல்லாம் காத்திருக்காது, அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும்.

மருமகன் கதை நல்ல கதைதான். சிங்கம் பாடப் பாட மண்ணிலிருந்து ஓர் உலகமே முளைக்கிறது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாய்க்காக ஒரு பையன் ஆப்பிள் கொண்டுவருகிறான். அதைப் படித்துவிட்டு அழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. "குதிரையும் பையனும்" வேண்டும் என்று சில இளைஞர்கள் சொன்னார்கள். அதில் தெற்கு நாட்டு ஜனங்களைக் கறுத்த தோலும் முண்டாசுமாக வைத்து, பெரும்பாலும் கெட்டவர்களாகவே காட்டியிருக்கிறது. இந்த நாட்டில், இந்த ஊரில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சில் உறுத்துகிறது. அது தனிப் பேச்சு, இன்னொரு நாள் பேசுவோம்.

அடுத்து எதை எடுப்பது? இதற்கு என் வாழ்க்கையில் நடந்ததைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

1961. எனக்கு எட்டு வயது. வடக்குக் கடற்கரையில் ஒரு கரும்புத் தோட்டம், பாரக்ஸ் வீடு, தகரக் கூரை. அம்மனுக்குத் திருவிழா. சனிக்கிழமை ராத்திரி தெருக்கூத்து வைப்பார்கள், ஏனென்றால் ஞாயிறு ஒருநாள்தான் வேலை கிடையாது. அன்றைக்குக் கர்ண மோட்சம். நாங்கள் சர்க்கரைச் சாக்கை விரித்து முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். பெட்ரோமாக்ஸ் விளக்கு 'உஸ்' என்கிறது, ஈசல் வந்து விழுகிறது. இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். திரைக்குக் கீழே சலங்கைக் கால் மட்டும் தெரிகிறது. திரை இறங்கினால் கர்ணன்! பகலில் எங்களோடு கரும்பு வெட்டுகிற ஆள்தான், ஆனால் கிரீடமும் புஜக்கட்டையும் அரிதாரமும் போட்டதும் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. விடியப்போகிறது. தேர்ச் சக்கரம் சேற்றில் அழுந்துகிறது. கர்ணன் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுக்கிறான். மத்தளக்காரர் அடியை ஏற்றுகிறார். அந்த நேரம் பார்த்து மழை! நேட்டால் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு அணைந்தது, அரிதாரம் கரைந்தது, எல்லோரும் வீட்டுக்கு ஓடினோம்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கூத்து. இப்போது பெரியவர்களுக்குள் வாக்குவாதம். எந்தக் கதை போடுவது? தோட்டத்து மேஸ்திரி, சர்தார் என்போம், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அர்ச்சுனன் தபசு என்கிறார். கர்ணன் சாவில் மழை வந்தது அபசகுனம், கலியாணக் கதையாகப் போடுங்கள் என்கிறார்கள் சில பேர். காசு கொடுத்தவர் வேறொரு கதை கேட்கிறார். அரைமணி நேரம் போச்சு. கூத்து வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றார். அப்புறம் திடீரென்று எங்கள் பக்கம் திரும்பி, "சின்னப் பசங்களா, உங்களுக்கு எது வேணும்?" என்றார்.

எங்களை அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என் தம்பி, ஐந்து வயது, சளி ஒழுகும் மூக்கு, சாக்கை விட்டு எழுந்து நின்றான். "மாமா, சக்கரம் இன்னும் சேத்துலதான் இருக்கு" என்றான்.

அவ்வளவுதான். சர்தார்கூட வாயை மூடிக்கொண்டார். ஒரு வாரம் அந்தப் பிள்ளை கர்ணனைச் சேற்றில் விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான் பாருங்கள்! வாத்தியார் திரும்பி மத்தளக்காரருக்குத் தலையசைத்தார். முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நேராகச் சேற்றிலிருந்தே எடுத்தார்கள்.

இப்போது மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கடல் பயணம் முடிந்து வீட்டு அறைக்குத் திரும்பிவிட்டார்கள். கீழேயிருந்து யூஸ்டஸின் அம்மா குரல் கொடுக்கிறாள், ஜில் போல் வந்திருக்கிறாள் என்று. ஜில்தான் வெள்ளி நாற்காலிக் கதையின் பெண். 2010-இலிருந்து அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள், அம்மா, யாரும் கதவு திறக்கவில்லை! ஆகவே அடுத்து எடுக்க வேண்டியது வெள்ளி நாற்காலி. புதுப் பிள்ளைகளை வைத்து எடுக்கட்டும். பிபிசி 1990-இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தது, ஆனால் பெரிய திரைக்கு அது இன்னும் வரவில்லை. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். அந்தக் கதையில் காணாமல் போன இளவரசனைத் தேட, சிங்கம் ஜில்லுக்கு நான்கு அடையாளங்கள் சொல்லி அனுப்புகிறது. காலையில் எழுந்ததும் சொல், படுக்கும்போது சொல், நடுராத்திரி விழிப்பு வந்தாலும் சொல் என்கிறது. முதலில் சொல்கிறாள். பிறகு குளிர், பசி, களைப்பு. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விடுகிறாள். விட்டுவிட்டு, பனிக்காற்றில் கூட்டாளிகளோடு ஒரு மேட்டுநிலத்தில் போகும்போது பள்ளம் பள்ளமான பாதைகளில் விழுகிறார்கள். இங்கே திரும்பினால் சுவர், அங்கே திரும்பினால் சுவர். மறுநாள் உயரத்தில் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் தெரிகிறது, அவர்கள் விழுந்து எழுந்தது கல்லில் வெட்டிய எழுத்து. தேடி வந்த அடையாளமே அதுதான். எழுத்துக்குள்ளேயே நடந்தும் அது எழுத்து என்று தெரியவில்லை!

போன மாதம் கோயிலில் ஒரு பையன், ஏழு வயதிருக்கும், வாசற்கல்லில் வெட்டியிருக்கும் 'ஓம் சக்தி'யை விரலால் தடவிக்கொண்டிருந்தான். 'க்தி'யின் வளைவில் விரலை விட்டு விட்டு எடுத்தான். என்ன கண்ணா அது என்று கேட்டேன். "பேட்டர்ன், ஆயா" என்றான். அவனுடைய பூட்டனும் சேர்ந்து கட்டிய கோயில் அது. அந்தப் பிள்ளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாம் களைத்துப்போய் நாளைக்கு என்றோம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து நம் முன்னோர்களை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. இறங்கியவர்கள் கையில் புத்தகம் கிடையாது. கதையும் பாட்டும் நாக்கில் வந்தன. 1996-இல் இந்த நாட்டு அரசியலமைப்புச் சட்டம் எழுதும்போது, 6-ஆம் பிரிவில், மதிப்பும் வளர்ச்சியும் தர வேண்டிய மொழிகள் என்று போட்ட வரிசையில் தமிழ் பெயரைச் சொல்லியே இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, வாசற்கல்லில் இருக்கிறது, வீட்டில் இல்லை. தலைமையாசிரியர்கள் இருவரும் இங்கே இருக்கிறார்கள், மரியாதையோடு கேட்கிறேன்: பள்ளி முடிந்த பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வகுப்பறையைத் தமிழுக்குக் கொடுங்கள். கவுன்சிலர் அவர்களே, நம் வட்டார நூலகத்தில் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகத்துக்கு ஓர் அலமாரி வேண்டும். சிங்கக் கதையில் அலமாரிக்குள் ஓர் உலகமே இருந்ததே, நமக்கு மூன்று தட்டு போதும்.

மூன்றாவது காரணம் கதையின் முடிவில் இருக்கிறது. பிள்ளைகளே, அதை உங்களுக்குச் சொல்லாமல் போனால் என் தம்பி மாதிரி நீங்களும் கேட்பீர்கள். பாதாளத்தில் ஒரு ராணி, பச்சை உடுப்பு. நெருப்பில் வாசனைப் பொடி தூவி, வாத்தியம் மீட்டி, மெதுவாகப் பேசுகிறாள்: சூரியன் என்று ஒன்று கிடையாது, விளக்கைப் பார்த்துவிட்டு நீங்களே கற்பனை செய்தது, சிங்கம் என்றால் பெரிய பூனை. எல்லோருக்கும் கண் சொருகுகிறது. ஆமாம், சூரியன் இல்லை என்று சொல்லவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்போது அவர்களோடு வந்த பட்டில்கிளம் எழுந்திருக்கிறான். சேற்றுநிலத்து ஆள், வாத்துக் கால், எப்போதும் கெட்டது நடக்கும் என்றே பேசுகிறவன். நேராகப் போய் வெறுங்காலால் நெருப்பை மிதிக்கிறான். மயக்கம் பாதி தெளிகிறது. தீமிதி பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை யாராவது விளக்க வேண்டுமா? வருஷா வருஷம் மஞ்சள் உடுத்தி இந்த ஊரில் பூக்குழி இறங்குகிறவர்கள் உங்கள் அப்பாக்கள், அத்தைகள். அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படம் பெரிய திரையில் வர வேண்டும், வந்தால் தமிழில் குரல் கொடுத்தும் வர வேண்டும். நம் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கு அதைத் தமிழில் நடித்துக் காட்டினார்கள். பட்டில்கிளமாக வந்த பெண் 'நெருப்பு' என்ற சொல்லில் றகரத்தைப் போடாமல் ரகரத்தைச் சரியாகச் சொன்னாள், கவனித்தீர்களா? மூன்று மாத உழைப்பு அது.

லூயிஸுக்கு ஓர் அமெரிக்கப் பையன் கடிதம் எழுதினான். எந்த வரிசையில் படிப்பது என்பதில் தன் அம்மாவோடு அவனுக்குக் கருத்து வேறுபாடு. 1957-இல் லூயிஸ் பதில் எழுதினார்: அம்மா சொன்னதைவிட நீ சொல்லும் வரிசையோடுதான் நான் ஒத்துப்போகிறேன் என்று. கூத்து வாத்தியார் என் தம்பியைக் கேட்ட மாதிரி. அதனால் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், எந்தக் கதையை நாம் பாதியில் விட்டோம் என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழ் தெரியாத தாய்மார்கள் பிள்ளையோடு சேர்ந்து வகுப்புக்கு வாருங்கள், கடைசி வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். சமையற்கட்டிலிருந்து பருப்பு வாசனையும் வந்துவிட்டது. வாசல் மேசையில் பெயர் எழுதும் தாள் இருக்கிறது. புது வகுப்பு வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இதே மண்டபத்தின் பின் அறையில். சாப்பிடப் போகும் வழியில்தான் அந்த மேசை. சாப்பாடு ஆறுவதற்குள் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.