பதக்கத்தின் பின்புறத்தில் ஒரு மெழுகு உருண்டை

எல்லோருக்கும் வணக்கம். பதக்கம் சேகரிப்பவர்கள் கூடியிருக்கும் சபை இது. அதனால் ஒரு மருத்துவரைச் சொல்லி, அவருக்குப் பதக்கம் அடித்தால் அதில் என்ன பொறிக்கலாம் என்று கேட்கப்போகிறேன்.

பெயர் ழான் டி கார்ரோ. 1770இல் ஜெனீவாவில் பிறந்தார். எடின்பரோவில் படித்துவிட்டு வியன்னாவில் வைத்தியம் பார்த்தார். 1826இல் கார்ல்ஸ்பாட் போய்ச் சேர்ந்தார். இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என்கிறார்களே, அதே ஊர். வெந்நீர் ஊற்றுகளை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே ஆவிக்குளியலைக் கொண்டுவந்தார். 1831 முதல் வருஷா வருஷம் அந்த ஊரைப் பற்றி பிரெஞ்சில் புத்தகம் போட்டு, வெளிநாட்டாருக்கு அதை அறிமுகப்படுத்தினார். 1857இல் அங்கேயே இறந்தார்.

முன்பக்கம் அவர் முகம், சரி. பின்பக்கம்? ஊற்று பீறிட்டு எழுவதைப் போடுவதுதான் வழக்கம். நான் அதை ஏற்க மாட்டேன்.

ஆங்கில மருத்துவர் ஜென்னரின் பெரியம்மைத் தடுப்பு முறை வந்த புதிதில், 1799இல், வியன்னாவில் கார்ரோ தன் சொந்தப் பிள்ளைகளுக்கே அதைச் செய்தவர். அப்புறம் இந்தியாவுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மருந்து, மாதக்கணக்கான பயணத்தில் வீரியம் இழந்துவிடும். கார்ரோ தரைவழியை நம்பினார். அம்மைப் பாலில், அதாவது மாட்டம்மைக் கொப்புளத்து நீரில், நனைத்த பஞ்சை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து மூடி, உருக்கிய மெழுகில் திரும்பத் திரும்ப முக்கி, கெட்டியான உருண்டையாக்கி அனுப்பினார். கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வழியாக அது பாக்தாத் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஈரம் காயவே இல்லை! அங்கிருந்து பாஸ்ரா வரை ஒருவர் கைக் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்தி, ஆள் மாற்றி ஆளாக உயிரோடு கொண்டுபோனார்கள். பிறகு கப்பலில் பம்பாய்.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அது பலித்த முதல் ஆள் அவள்தான். அதே ஆண்டில் சென்னைக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டது. அதாவது, நம் பாட்டன் பூட்டன் கையில் ஏறிய தழும்புக்கும் இந்த மனிதருக்கும் உறவு உண்டு.

ஆகவே பின்பக்கத்தில் அந்த மெழுகு உருண்டையைத்தான் போட வேண்டும். அச்சு வெட்டுகிறவர் சண்டைக்கு வருவார்: வட்டமான பதக்கத்தில் வட்டமான உருண்டை, பார்ப்பவன் எலுமிச்சம்பழம் என்பானே என்று. விளிம்பைச் சுற்றி வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா, பம்பாய் என்று ஊர்ப்பெயர்களை வெட்டச் சொல்லுங்கள். கீழே 1802. ஊற்றுக்கு இடம் மிச்சமிருந்தால் முன்பக்கத்தில், அவர் தோளுக்குப் பின்னால் சின்னதாக வைத்துக்கொள்ளட்டும்.