பாம்பைத் தேட வேண்டாம், இமையைப் பாருங்கள்

[காட்சி: விடியாத நேரம். தோட்டத்துச் சாளை வாசல். ஒரே ஒரு பல்பு எரிகிறது.]

விடியற்காலை நாலு மணி. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு தடவை வாந்தி. "வகுறு நோவுது, தொண்டையும் என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குது" என்கிறார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? ராத்திரி தின்றது ஒத்துக்கொள்ளவில்லை, கேஸ். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார்கள். ஆறு மணிக்கு அவர் கண்ணைத் திறக்காமல் கிடந்தால், ராத்திரியெல்லாம் தூங்காத மனுசன், கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் பால் கறக்கப் போய்விடுவார்கள்.

அவர் தூங்கவே இல்லை. இமையைத் தூக்கும் தசை செயலிழந்துவிட்டது. அவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கடித்தது அவருக்கே தெரியாது.

இந்த வீடியோ பாம்புக்கடியைப் பற்றியது. முக்கியமாக, பாம்பை யாருமே பார்க்காதபோது உடம்பை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியது. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் சொல்கிறேன், இப்போதுதான் கேஷுவாலிட்டி டூட்டிக்கு வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நர்சிங் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் மருந்துக் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: நான்கு பாம்புகளின் படம், ஒவ்வொன்றாக.]

நம்ம பக்கம் ஆளைக் கொல்பவை பெரும்பாலும் நாலு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டும் நரம்பைப் பிடிக்கும். பின் இரண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். புத்தகத்தில் இவ்வளவு சுத்தமாகத்தான் பிரித்திருப்பார்கள். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாமல் போவதோடு இமையும் தொங்கலாம். அதனால் இமை தொங்கினாலே நல்ல பாம்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

[காட்சி: சாக்குப்பையின் வாயைக் கட்டும் கைகள்.]

கடித்த பாம்பை அடித்துக் கொண்டுவந்தால்தான் டாக்டர் சரியான ஊசி போடுவார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. உயிரோடு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கேஷுவாலிட்டி மேசை மேல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் அங்கே நோயாளியை யார் பார்ப்பது, எல்லோரும் மேசையைத்தான் பார்ப்பார்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நாலு பாம்புக்கும் பொதுவானது. எது கடித்திருந்தாலும் அதே பாட்டில்தான். பாம்பைத் தேடி வேலியோரம் தடியோடு அலைகிற அரை மணி நேரத்தில் பெருந்துறைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் போயிருக்கலாம். தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, கடித்தது தெரிந்துவிட்டது என்றால் தோட்டத்தில் என்ன செய்வது?

முதலில் ஆளை உட்கார வையுங்கள், இல்லை படுக்க வையுங்கள். ஓட விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் வேகமாக ஏறும். கடிபட்ட காலை, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல ஒரு தப்பையோ தடியோ வைத்துத் துண்டால் அசையாமல் கட்டுங்கள், ஆனால் இறுக்காதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். விரியன் கடி என்றால் ஒரு மணி நேரத்தில் கால் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்துவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடித்த நேரத்தைப் போனிலோ கையிலோ குறித்துவையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் காத்திருக்க வேண்டாம். பைக் மட்டும்தான் இருக்கிறதா? ஓட்டுபவருக்கும் பின்னால் ஒருவருக்கும் நடுவில் நோயாளியை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கயிற்றால் இறுக்கக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். விஷம் நிற்காது, ரத்தம் உறையாத ஆளுக்குக் கீறல் போட்டால் அந்த வழியாகவே வடிந்துகொண்டிருக்கும். ஒருவேளை ஏற்கெனவே யாராவது இறுக்கக் கட்டிவிட்டால், வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் ஏறி மூச்சு நின்றுபோகலாம். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயும் மருந்தும் தயாராக வைத்துக்கொண்டு அவர்களே அவிழ்ப்பார்கள்.

[காட்சி: ஒரு கையில் மிளகு, இன்னொன்றில் சிறியாநங்கை இலை.]

இன்னொரு வழக்கம். மிளகைக் கடிக்கக் கொடுப்பார்கள், காரம் தெரிந்தால் விஷமில்லை என்பார்கள். சிறியாநங்கை கசந்தால் விஷமில்லை என்பார்கள். விஷத்துக்கும் நாக்கின் ருசிக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. காரம் தெரிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய் ராத்திரி மூச்சுத் திணறுவதுதான் இதில் உள்ள பயங்கரம். மந்திரம் சொல்லிப் பாடம் போடுபவரிடம் போய் சிலர் குணமாகத்தான் செய்கிறார்கள். காரணம் எளிது. கடித்த பாம்பு பெரும்பாலும் விஷமில்லாததாக இருக்கும். விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்கியிருக்காது. அந்த ஆள் பாடம் போடாமலும் பிழைத்திருப்பார். நம்பிக்கை இருக்கிறவர்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு போய்ப் பாடம் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

[காட்சி: கேஷுவாலிட்டி. நோயாளியின் முகம், நெருக்கத்தில்.]

இனி ஆஸ்பத்திரிக்குள். பார்க்க வேண்டிய முதல் இடம் கண். நோயாளியை மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமைக்காமல் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். நரம்பு விஷம் என்றால் சில நொடிகளில் இமை மெல்ல இறங்கும். அடுத்து, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். கழுத்துத் தசை போயிருந்தால் தலை எழும்பாது. ஒரு மூச்சை இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். வந்ததும் முப்பது வரை எண்ணியவர் அரை மணி கழித்துப் பதினெட்டில் நின்றால், மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம், மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம்.

விடியற்காலை வயிற்று வலி என்று வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: "ராத்திரி எங்கீங்க படுத்தீங்க?" தரையில் என்றால் இமையைப் பாருங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. அதன் பல் ரொம்பச் சின்னது. கொசு கடித்த அளவுக்குத்தான் உறைக்கும், வீக்கம் இருக்காது, தழும்பைத் தேடினாலும் கிடைக்காது. கடித்த இடம் எங்கே என்று தேடிக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

[காட்சி: கண்ணாடிச் சோதனைக் குழாய், சுவர்க் கடிகாரம்.]

இரண்டாவது இடம் ரத்தம். இந்தச் சோதனையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருப்பதிலேயே விலை குறைந்த சோதனை இதுதான், அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். ரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுத்த புது ரத்தம் 2 மில்லி. சுத்தமான, காய்ந்த, கண்ணாடிக் குழாய். அதில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணியாக ஓடினால் விரியன் விஷம் உறையவைக்கும் பொருட்களைத் தின்று தீர்த்துவிட்டது. எங்கே தப்பு நடக்கும்? பிளாஸ்டிக் குழாயில் விடுவார்கள், அதில் நல்ல ரத்தமே சரியாக உறையாது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாயிலும் அதே கதை. இல்லாவிட்டால் அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். முதல் தடவை உறைந்துவிட்டது என்றும் விட்டுவிடக் கூடாது. முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாதவரையும் 24 மணி நேரம் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதைப் பணம் பறிக்கும் வேலை என்று நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஈறில் ரத்தக் கசிவு, சிவந்த சிறுநீர், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வருவது, இவையும் அதே செய்திதான். வலிக்கிறது என்று டைக்ளோபெனக் ஊசியை இடுப்பில் போட்டு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தம் உறையாத ஆளுக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும், கிட்னிக்கும் அந்த மருந்து கெடுதல். பாரசிட்டமால் போதும்.

[காட்சி: விஷமுறிவு மருந்துப் பாட்டில், உள்ளே வெள்ளைப் பொடி.]

இப்போது மருந்து. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்ததுதான் இந்தப் பாட்டில். அந்த இருளர்களில் இரண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன், 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். வழக்கமாக முதலில் 10 பாட்டில், சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குள். குழந்தைக்கும் அதே 10. பெற்றவர்கள் பயந்துபோய்க் கேட்பார்கள், சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா என்று. பிள்ளை சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே. குதிரைப் புரதம் என்பதால் அலர்ஜி வரலாம். அரிப்பு, தடிப்பு, நடுக்கம், பிரஷர் இறங்குவது. அதனால் அந்த அலர்ஜியை அடக்கும் அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் டிரிப்பைத் திறக்க வேண்டும். பெரியவருக்கு அரை மில்லி, தொடைத் தசையில். அலர்ஜிக்குப் பயந்து மருந்தே போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்புங்கள். வழியில் போகிற ஒன்றரை மணி நேரம் வீணாகாது.

ரத்தம் எப்போது சரியாகும்? விஷம் கட்டுப்பட்டாலும், உறையவைக்கும் பொருட்களைக் கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அதனால் ஆறு மணி கழித்துத்தான் மறுபடி குழாய்ச் சோதனை, தேவைப்பட்டால் அடுத்த டோஸ். நல்ல பாம்புக் கடியில் நியோஸ்டிக்மின், அட்ரோபின் என்ற மருந்துகளைக் கொடுத்தால் இமை கண்ணெதிரே திறப்பதைப் பார்க்கலாம். கட்டுவிரியனில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். அது நரம்பின் முனையையே சேதப்படுத்துகிறது, அந்த முனை திரும்ப வளர வேண்டும். அதுவரை வெண்டிலேட்டர்தான் மூச்சு விடும்.

[காட்சி: ஐசியு வாசல் பெஞ்ச்.]

இதை ஐசியு வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கட்டுவிரியன் கடித்தவர் விரலைக்கூட அசைக்க மாட்டார். கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காது. பார்க்கிறவர்களுக்கு மூளைச்சாவு போலவே தோன்றும். ஆனால் உள்ளே நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது கேட்கலாம். சில நாள் மூச்சைப் பார்த்துக்கொண்டால் எழுந்து நடந்து போகிறவர்கள் உண்டு. "வூட்டுக்குக் கொண்டு போயிரலாம்" என்று மாமன் மச்சான் யாராவது சொன்னால், டாக்டரிடம் கேட்காமல் தலையாட்டிவிடாதீர்கள். பக்கத்தில் நின்று அழுவதற்குப் பதிலாகப் பேர் சொல்லிப் பேசுங்கள்.

கண்ணாடி விரியன் என்றால் கவலை கிட்னி. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். குறைந்தால் டயாலிசிஸ் வேண்டியிருக்கும், பலருக்கு அது தற்காலிகம்தான்.

வால்பாறை எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. மலையில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு இந்த மருந்து செய்யப்படவில்லை. அங்கே பாம்பின் படம் கிடைத்தால் உதவும்.

2000 முதல் 2019 வரையான கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்பது மதிப்பீடு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதாவது அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியானாலும் ஒவ்வொரு கடியையும் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்ல காரியம். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போய்ச் சேரும்.

[காட்சி: ராத்திரி, வாய்க்கால் கரை, மஞ்சக்காட்டில் தண்ணீர் பாய்கிறது.]

ராத்திரி கரண்ட் வந்தால் ராத்திரியில்தான் தண்ணி கட்ட முடியும், வாய்க்கால் முறை வந்தாலும் அப்படித்தான். போகாதீர்கள் என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. ரப்பர் பூட்ஸும் தலையில் கட்டுகிற டார்ச்சும் வாங்கிக்கொள்ளுங்கள். சோளத்தட்டு அடுக்கிய தட்டுப்போரில் கை விடும் முன் தடியால் தட்டுங்கள். சாளையில் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பெல்லாம் அரிப்பு வந்தால் அது குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்ப்பு. மாத்திரையில் சரியாகும், டிஸ்சார்ஜ் சீட்டோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர் மாதக்கணக்கில் சோர்ந்தே கிடந்தால், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பார்க்கும் டாக்டரிடம் பழைய பாம்புக்கடியை மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.