தம்பிக்கு 30 நாள் லீவு, ஊருக்கெல்லாம் பங்கு

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் தம்பியைத் தேடாதீர்கள். லீவில் வந்திருப்பது அவன்தான், பேசப்போவதும் அவனைப் பற்றித்தான். ஆனால் கேமரா முன்னால் வர மாட்டான். ராணுவத்தில் போன் விஷயத்தில் ரொம்பக் கறார். 2020-லேயே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை போனில் இருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதனால் அவன் பேர், முகம், யூனிட் எதுவும் கிடையாது. ஜம்மு காஷ்மீர் பக்கம் இருக்கிறான், அதற்கு மேல் கேட்காதீர்கள். இந்த வீடியோவையும் அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் போடுவேன்.

அவன் அக்னிவீர், அதாவது நான்கு வருடத்துக்கு மட்டும் ராணுவத்தில் எடுக்கிற திட்டத்தில் சேர்ந்தவன். அதிலும் முதல் பேட்ச். 2023 ஜனவரியில் டிரெய்னிங் தொடங்கிய செட். ரெகுலர் ஜவான் என்றால் வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுமுறை, அது போக 30 நாள் கேஷுவல் லீவு. அக்னிவீருக்கு வருடத்துக்கே 30 நாள்தான். அதிலும் வழிப்பயணம் ஒரு பங்கைத் தின்றுவிடும். மலையில் இருந்து கீழே இறங்க வேண்டும், அப்புறம் ரயில். காத்ராவில் இருந்து கன்னியாகுமரி வரை போகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நம் காட்பாடியில் நிற்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவைதான் வண்டி. அதை விட்டால் டெல்லி போய், சென்னை போய், அங்கிருந்து இங்கே.

போன வருடமும் இதே மே மாதத்துக்குத்தான் திட்டம் போட்டிருந்தான். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதல், மே 7 அதற்குப் பதிலடியாக ஆபரேஷன் சிந்தூர். லீவில் ஊருக்கு வந்திருந்த எத்தனையோ பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இவனுக்கு லீவே கிடைக்கவில்லை. அம்மா அந்த நாட்களில் டிவியை அணைக்கவும் விடவில்லை, சத்தம் வைக்கவும் விடவில்லை. அதனால்தான் இந்த வருடம் அவன் வருகிறான் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்த்து வைத்து உரிமை கொண்டாடிவிட்டார்கள்.

வந்து இறங்கியவனைப் பார்த்துப் பாட்டி முதலில் கேட்டது, "என்னடா, பாதி மூஞ்சிதான் ஊருக்கு வந்திருக்கு?" தொப்பியைக் கழற்றினால் நெற்றிக்குக் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே எங்கள் வீட்டு நிறம். கீழே பனியிலும் வெயிலிலும் காய்ந்து கருத்து, உதடு வெடித்து, மூக்கு நுனியில் தோல் உரிந்து வேறு ஒரு ஆள். பாட்டி தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு தினமும் பின்னாலேயே நடக்கிறார், கோடு மட்டும் போவதாக இல்லை.

அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அக்ரூட், பாட்டிக்கு ஒரு சால்வை. வேலூர் மே மாத வெயிலுக்கு சால்வை! பாட்டி அன்றைக்குச் சாயங்காலமே போர்த்திக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

அப்புறம் அம்மாவின் காலண்டர். சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் எழுதியிருந்தார். குலதெய்வம், ஆம்பூர் மாமா, குடியாத்தம் பெரியம்மா, ஆரணி அத்தை, பக்கத்து ஊர்க் கல்யாணம். யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதில் ஒரு சண்டை. தாய்மாமன் வீடுதான் முதலில் என்று அம்மா, கூடப்பிறந்தவள் இருக்கும்போது மச்சான் வீடா என்று அப்பா. லீவு யாருடையது என்று ஒருத்தராவது தம்பியைக் கேட்க வேண்டுமே? எல்லா வீட்டிலும் பிரியாணி வேறு. அவனோ முள்ளு கத்திரிக்காய் புளிக்குழம்பும் களியும் கிடைத்தால் போதும் என்று இருந்தான்.

சித்தப்பாமார்கள் தனி ரகம். "எப்படிப்பா இருக்க? குளிர் ஜாஸ்தியா?" என்று தொடங்கி, மூன்றாவது வரியில் குரலைத் தாழ்த்தி, "கேன்டீன்ல ஏதாவது..." என்று இழுப்பார்கள். தம்பி ரொம்ப மரியாதையாக அக்ரூட்டை எடுத்து நீட்டுவான்.

காலை நேரம் தெருப் பையன்களுக்கு. எங்கள் பக்கம் இது புதிதில்லை, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள். ராணுவ ஆள்சேர்ப்பு ரேலிக்குத் தயாராகிற பையன்கள் ஐந்து மணிக்கே வாசலில் நிற்பார்கள். 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண் 60. இவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனில் நேரம் பார்ப்பான். லீவில் வந்தும் விசில்தான்.

சரி, இந்த லீவில் தம்பி சந்தித்த ஒரு பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பரசுராமர் வெட்டிய ரேணுகா தேவியின் தலையை வேறொரு உடலில் பொருத்திய கதை தெரியும் இல்லையா, அதுதான் இங்கே திருவிழா. முத்தியாலம்மன் கோயிலில் இருந்து அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் உடலோடு சேரும். வழி நெடுக மக்கள் தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்று இரண்டு இல்லை, தெருவே தேங்காய் ஓடும் இளநீருமாகக் கிடக்கும். வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் அன்றைக்குக் குடியாத்தத்தில் ஏதாவது ஒரு மாடியில் நிற்கும்.

பெரியம்மா வீட்டு மாடியில் நாங்கள். தம்பி மட்டும் கீழே இறங்கி, செருப்பில்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டான். எல்லையில் ஒரு கீறல் இல்லாமல் வந்தவன், குடியாத்தத்தில் தேங்காய் ஓடு குத்தி நொண்டிக்கொண்டு திரும்பினான். குதிகாலில் நல்ல ஆழம். பெரியம்மா மஞ்சளைத் தேட, பக்கத்து வீட்டு மாடியில் இருந்து ஒரு பெண் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். வேலூரில் நர்சிங் கடைசி வருடம். "மஞ்சள் வேண்டாம் ஆன்ட்டி" என்றாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், செல்போன் லைட்டை என்னிடம் கொடுத்து இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்றாள், உள்ளே இருந்த சில்லை எடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை, "டிடி ஊசி கடைசியா எப்போ போட்டீங்க?"

இவன் அட்டென்ஷனில் நிற்காத குறையாகத் தேதி, மாதம், வருடம் எல்லாம் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். லைட் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மறுநாள் கட்டு மாற்ற வேண்டுமாம். அதற்கு மறுநாளும். அந்தக் காயத்துக்கு அவ்வளவு கட்டு தேவையா என்று மருத்துவம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நம்பர் கேட்டபோது இவன் இரண்டு நம்பர் கொடுத்திருக்கிறான். ஏன் இரண்டு என்று அவளுக்குச் சந்தேகம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இதை நான்தான் போன் போட்டு விளக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு நாள் வேலூர் கோட்டை. காவலுக்கு நானும் போனேன், ஆனால் அகழிப் பக்கமே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இவன் அவளுக்கு 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தானாம். பாவம், அவளும் கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம், அளந்து பேசுகிறவர். காபியைக் குடித்து முடித்துவிட்டு ஒரே கேள்வி. "நாலு வருஷம்தானே தம்பி, அப்புறம்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. முதல் பேட்ச்சின் நான்கு வருடம் இந்த வருடக் கடைசியோடு முடிகிறது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது 25 சதவீதம் வரை என்றுதான் திட்டத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கு சேவா நிதி என்று மொத்தமாக ஒரு தொகை, சுமார் 11.71 லட்சம். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த 30 சதவீதம். பென்ஷன் கிடையாது. சேரும்போதே கல்யாணம் ஆகாதவர்களைத்தான் எடுத்தார்கள். நிரந்தரமாக எடுக்கிறவர்கள் பட்டியலில் பேர் வருமா வராதா என்பதில் 22 வயசுப் பையனுடைய கல்யாணமும் தொங்குகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை, இதை அவன் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

அப்பா ஏதோ சமாளிக்கப் பார்த்தார். தம்பி, "தெரியலைங்க. எடுத்தா இருப்பேன். இல்லைன்னா போலீஸ் எக்ஸாம் எழுதுவேன். அதுவரைக்கும் உங்க பொண்ணு படிப்பை முடிக்கட்டும்" என்றான். அவர் கொஞ்ச நேரம் அவன் காலையே பார்த்தார். "கட்டு இன்னும் பிரிக்கலையா?" என்றார். என் சிரிப்பை அடக்க நான் சமையலறைக்குள் ஓட வேண்டியதாயிற்று. டிசம்பருக்கு அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.

அந்தக் கோட்டை போன நாளில் காலண்டரில் எழுதியிருந்தது ஆரணி. அம்மாவே அத்தைக்கு போன் போட்டு, "புள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு, நடக்க முடியலை" என்று சொல்லிவிட்டார். கட்டம் கட்டமாகப் பங்கு பிரித்த அதே அம்மா! ஆரணி அத்தை, நீங்கள் என் வீடியோ எல்லாம் பார்ப்பீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை அவன் லீவில் வருகிறானோ, ஒரேயடியாக வந்துவிடுகிறானோ, முதல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான். பிரியாணி மட்டும் வேண்டாமாம்.