நல்வேளையா நாய்வேளையா, பூவுக்குள்ள எண்ணிப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. மேசை மேல மூணு செடி இருக்கு, காலைல வர்ற வழியில பிடுங்கினது, வாடிப்போச்சு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மூணுமே களைதான், முளைச்சு பூத்து விதையக் கொட்டிட்டு ஒரு சீசன்லயே காஞ்சு போற ஜாதி. வேளைன்னு பொதுவா ஒரு பேரச் சொல்லிட்டு, வெள்ளை மஞ்சள் ஊதான்னு மூணு ரகம் இருக்குன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. ரகம் இல்லைங்க, மூணும் தனித்தனி இனம். உண்மையான ரக வித்தியாசம் இந்த வெள்ளைக்குள்ளயே இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

வெள்ளைப் பூ நல்வேளை, தைவேளைன்னும் சொல்வாங்க. தாவரவியல் பேரு கிளியோம் கைனான்ட்ரா. 1753ல தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் வெச்ச பேரு, கைனான்ட்ரான்னா பெண்ணும் ஆணும் சேர்ந்ததுன்னு அர்த்தம், ஏன் அப்படி வெச்சாருன்னு பூவப் பாத்தா புரிஞ்சிடும். இதழ் நாலும் கீழ நிக்குது. அதுக்கு மேல நூல் மாதிரி ஒரு காம்பு ஏறுது, அந்தக் காம்போட நடுவுலேர்ந்து ஆறு மகரந்தத்தாள் கிளம்புது, காம்பு அதோட நிக்காம இன்னும் மேல போயி நுனியில பச்சைக் குச்சி மாதிரி சூலகத்த, அதாவது பின்னாடி காயாகுற பாகத்தத் தாங்குது. மாடி மேல மாடி கட்டின மாதிரி! சாதாரணப் பூவுல மகரந்தத்தாள் இதழோட அடியிலயே இருக்கும், இங்க காம்புலேர்ந்து முளைச்ச மாதிரி தெரியுது பாருங்க, அதான் அந்தப் பேரு.

இப்ப மஞ்சள். நாய்வேளை, நாய்க்கடுகு, கிளியோம் விஸ்கோசா. விஸ்கோசான்னா பிசுபிசுன்னு அர்த்தம், தண்டத் தொட்டா விரல்ல ஒட்டும், காய்கூட ஒட்டும். இதுல மாடியெல்லாம் கிடையாது, சூலகம் காம்பில்லாம நேரா அடியிலயே உக்காந்திருக்கும், அதச் சுத்தி மகரந்தத்தாள் பத்து, பதினஞ்சு, இருபதுன்னு ஒரு கொத்தே இருக்கும். ஆறுதான்னா நாய்வேளை இல்ல, அவ்வளவுதான். காய் நட்டுக்க நிக்கும், மேல நீளவாக்குல கோடு கோடா இருக்கும்.

ஒட்டுறத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, நல்வேளை தண்டுலயும் சுரப்பி முடி உண்டு, இளசா இருக்கும்போது அதுவும் லேசா பிசுபிசுக்கும். இலையும் ஏமாத்தும். நல்வேளைக்கு ஒரு இலையில விரல் மாதிரி பிரிஞ்ச அஞ்சு சிற்றிலை, நாய்வேளைக்கு மூணுன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, ஆனா நாய்வேளையோட கீழ் இலையில அஞ்சும் வரும், நல்வேளையிலயும் பூக்கிட்ட இருக்கற குட்டி இலைங்க மூணா இருக்கும். இந்தக் கணக்க நம்பி நானே ஒரு வாட்டி பூக்காத செடி ஒண்ணுக்கு நல்வேளைன்னு லேபிள் எழுதி ஒட்டி நாலு பேர்கிட்ட காட்டிட்டேன், கொஞ்ச நாள் கழிச்சு மஞ்சளா பூத்து நிக்குது. லேபிள ராத்திரியோட ராத்திரியா கிழிச்சேன்.

மூணாவது ஊதா, கிளியோம் ருடிடோஸ்பெர்மா, வெப்பமண்டல ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்து ஆசியா பூரா பரவினது. தரையோட படர்ந்தாப்ல கிடக்கும், எல்லா இலையும் மூணு சிற்றிலை. மகரந்தத்தாள் இதுலயும் ஆறுதான், ஆனா மாடி கிடையாது. நல்வேளைப் பூவும் சில சமயம் ரோஸ் கலந்து வரும், அத இதுன்னு நினைச்சுடாதீங்க, காம்பப் பாத்தா தெரிஞ்சிடும். இதோட விதையில வெள்ளையா ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும், அதுக்கு ஆசைப்பட்டு எறும்பு விதையத் தூக்கிட்டுப் போகும், விதைச்சு விடுறதும் அதுதான்.

ரகம்னு சொன்னேனே, நல்வேளையில தண்டு பச்சையாவும் இருக்கும், கருஞ்சிவப்பாவும் இருக்கும், தண்டு ஒரு நிறம் இலைக்காம்பு ஒரு நிறம்னு கலந்தும் வரும். பாக்க வேற வேற செடி மாதிரியே இருக்கும், பூவப் பிரிச்சா அதே ஆறு, அதே மாடி. எல்லாம் ஒரே இனம்.

இதையும் சொல்லிடறேன், நாய்க்கடுகுன்னு பேர் வெச்சவங்க விதை கடுகு மாதிரி இருக்குன்னுதான் வெச்சிருப்பாங்க. முன்னாடி வேளையெல்லாம் தாவரவியல்ல கப்பாரேசியே குடும்பத்துல இருந்துச்சு, டிஎன்ஏ பாத்தப்போ கடுகுக் குடும்பத்துக்குத்தான் ரொம்ப நெருக்கம்னு தெரிஞ்சு இப்ப கிளியோமேசியேன்னு தனிக் குடும்பமாக்கிட்டாங்க. யாரோ கண்ணால பாத்து வெச்ச பேரு எவ்வளவு கிட்ட வந்திருக்கு பாருங்க, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சரி, லென்ஸ் ரெண்டுதான் இருக்கு, மாத்தி மாத்திப் பாருங்க. முதல்ல மஞ்சள எண்ணுங்க, ஒரு பூவுல வந்த எண்ணிக்கை அடுத்த பூவுல வராது, தப்பா எண்ணிட்டோமோன்னு பதறாதீங்க, அது அப்படித்தான்.